குளோன் கன்சோல் மொத்தம் எத்தனை தயாரிச்சிருப்பாங்க? கணக்கு போட ஏதாச்சும் வழி இருக்கா?

பிக்சல்பித்தன் எழுதியது:

ரொம்ப நாளா மண்டையைக் குடையுது, இங்க கேட்டாதான் சரிப்படும்னு வந்துட்டேன்.

பழைய கன்சோல் எல்லாம் எவ்ளோ வித்துச்சுன்னு ஒரு டேபிள் போட்டுட்டு இருக்கேன். நின்டெண்டோவோட ஃபேமிகாம், அதையே ஜப்பானுக்கு வெளிய வித்த என்இஎஸ், ரெண்டும் சேர்த்து 6.19 கோடி, அதுல ஜப்பான் மட்டும் 1.93 கோடி, இது நின்டெண்டோவே கொடுத்த கணக்கு, பிரச்சனை இல்ல. பிரச்சனை அதுக்கு அடுத்த வரிசையில. டெண்டி, சுபோர், பெகாசஸ், மைக்ரோ ஜீனியஸ், டெர்மினேட்டர், பாலிஸ்டேஷன்னு நின்டெண்டோகிட்ட லைசென்ஸே இல்லாம அதே மெஷினைக் காப்பியடிச்சு குளோன் போட்டுத் தள்ளினாங்களே, அதுக்கு என்ன நம்பர் போடுறது? ஒரு பக்கம் பாத்தா "ஒரிஜினலை விட குளோன்தான் ஜாஸ்தி வித்துச்சு"ன்னு எழுதியிருக்கு, இன்னொரு பக்கம் பாத்தா பத்து மடங்குன்னு இருக்கு, எங்கிருந்து எடுத்தாங்கன்னு தேடிப் போனா அது வேற ஒருத்தர் சொன்னதுன்னு போய் கடைசில ஒருத்தரும் இல்ல. டெண்டிய மட்டும் எடுத்துக்கிட்டாக்கூட 20 லட்சத்துக்கும் கம்மின்னு ஒரு கூட்டம், 60 லட்சம்னு ஒரு கூட்டம். மூணு மடங்கு வித்தியாசம்ங்க!

ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரன் டாங்கியோட சீரியல் நம்பரை வச்சே மொத்தம் எவ்ளோ தயாரிச்சான்னு கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சேன். அதே மாதிரி குளோன்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் நம்பரை எல்லாம் சேர்த்து கணக்கு போட முடியுமா? ஏலத்துக்கு வர்ற போட்டோலயே நிறைய ஸ்டிக்கர் தெரியுது. முடியும்னா நானே உக்காந்து சேர்க்கத் தயார்.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

கேள்வி நல்லா இருக்கு, ஆனா ஸ்டிக்கரை நம்பி இறங்காதீங்க, ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த டாங்கி கணக்கு. ஃபார்முலா ரொம்ப சிம்பிள். கையில கிடைச்ச நம்பர்லயே பெரிய நம்பர் எதுவோ அதை எடுத்துக்கோங்க, அதை எத்தனை சாம்பிள் வச்சிருக்கீங்களோ அதால வகுத்து அதோடயே கூட்டி ஒண்ணைக் கழிங்க, அவ்ளோதான். 20 ஸ்டிக்கர் கிடைச்சு அதுல பெருசு 84,000-ன்னா 84,000 ப்ளஸ் 4,200 மைனஸ் 1, அதாவது 88,199. நம்ப முடியாத அளவுக்கு வேலை செய்யும். 1942 ஆகஸ்ட் மாசம் ஜெர்மனி எத்தனை டாங்கி போட்டுச்சுன்னு உளவுத்துறை சொன்னது 1,550, சீரியல் நம்பர் வச்சு கணக்கு போட்டவங்க சொன்னது 327, போர் முடிஞ்சதும் ஜெர்மன் ரெக்கார்டைப் பிரிச்சுப் பாத்தா 342. உளவாளிங்க எல்லாம் வெக்கப்பட்டிருப்பாங்க.

கேம் உலகத்துலயே இதைப் பண்ணியிருக்காங்க. கமடோர் 64 மெஷின் 1.7 கோடி வித்துச்சு, 3 கோடி வித்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க, 2011-ல ஒருத்தர் சீரியல் நம்பரை எல்லாம் திரட்டிப் பாத்து சுமார் 1.25 கோடிதான்னு சொன்னாரு. கவனிங்க, அது ஊரறிஞ்ச கம்பெனி, கணக்கு வழக்கு எல்லாம் உள்ள கம்பெனி, அதுலயே இவ்ளோ ஊதியிருக்காங்க.

இப்போ குளோனுக்கு வருவோம். இந்த ஃபார்முலா ஓடணும்னா நம்பர் ஒண்ணுல ஆரம்பிச்சு விடாம வரிசையா போகணும், ஒரே ஆள் கொடுத்த வரிசையா இருக்கணும், நம்ம கையில மாட்டுற சாம்பிள் குத்துமதிப்பா எல்லா இடத்துல இருந்தும் வந்திருக்கணும். குளோன்ல இது மூணுமே கிடையாது. முக்கால்வாசில சீரியல் நம்பரே இருக்காது, "க்யூசி பாஸ்"னு (தரச் சோதனை முடிஞ்சதுன்னு அர்த்தம்) ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கிற நம்பர் செக் பண்ண ஆளோட நம்பரா, மாசமா, எதுவும் தெரியாது. நம்பர் இருந்தாலும் அது ஃபேக்டரில ஒட்டினதா, இறக்குமதி பண்ணவர் ஒட்டினதா, கடைக்காரர் வாரண்டிக்கு ஒட்டினதா? ஒரே ஃபேக்டரி பத்து பேர்ல பெட்டி போடும், ஒரே பேரை பத்து ஃபேக்டரி போடும். இதுல போய் பெரிய நம்பரைத் தேடினா உங்களுக்குக் கிடைக்கிறது ஸ்டிக்கர் ரோல் எவ்ளோ நீளம்ங்கிறதுதான்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் முயற்சி பண்ணலாம். ஒருத்தரே இறக்கி, ஒருத்தரே வித்து, ஒருத்தரே சர்வீஸ் பண்ண பிராண்டு. ரஷ்யால ஸ்டீப்ளர் கம்பெனி வித்த டெண்டி அந்த வகை.

---

சால்டர்வாசம் எழுதியது:

மேல சொன்னது அத்தனையும் சரி, ஆனா நீங்க ரெண்டு பேரும் பெட்டிக்கு வெளியவே நின்னு பாக்குறீங்க. ஸ்க்ரூவைக் கழட்டுங்க பாஸ்!

90-களோட ஆரம்பத்துல வந்த குளோன் ஒண்ணைத் திறந்தீங்கன்னா உள்ள கிட்டத்தட்ட ஒரிஜினல் ஃபேமிகாம் போர்டுதான் இருக்கும். 40 கால் வச்ச பெரிய சிப்பு ரெண்டு, ஒண்ணு கணக்கு போடுற சிபியூ, ஒண்ணு படம் வரையுற பிபியூ. பக்கத்துல 2 கேபி ரேம் ரெண்டு, நாலஞ்சு சில்லறை லாஜிக் சிப்பு, ஒரு தகர டப்பால ஆர்எஃப் மாடுலேட்டர், ஒரு 7805 ரெகுலேட்டர், நடுவுல கேசட் சொருகுற 60 பின் ஸ்லாட். அந்த ரெண்டு பெரிய சிப்புல ஒரிஜினல்னா ரிக்கோ 2ஏ03, 2சி02ன்னு இருக்கும், குளோன்ல தைவான் யூஎம்சியோட யூஏ6527, யூஏ6528ன்னு இருக்கும். பேருக்குக் கீழ நாலு இலக்கத்துல ஒரு நம்பர், 9127ன்னு இருந்தா 1991-ம் வருஷம் 27-வது வாரம். இதுதான் உங்க சீரியல் நம்பர். பெட்டி மேல யார் வேணா என்ன வேணா ஒட்டலாம், சிப்பு மேல தேதி அடிக்கிறது சிப்பு கம்பெனி மட்டும்தான். (சில போர்டுல சிப்போட பேரையே தேய்ச்சு எடுத்திருப்பாங்க, அது வேற கதை.)

விஷயம் என்னன்னா, பெட்டி பண்ண ஆயிரம் பேர் இருந்திருக்கலாம், பிளாஸ்டிக் அச்சு ஒண்ணு, சால்டர் அடிக்க நாலு பேர் இருந்தா போதும், குடிசைத் தொழில் மாதிரி. ஆனா சிப்பு அப்படி கிடையாது, அதைச் செய்ய ஃபேப்னு சொல்ற சிப்பு ஃபேக்டரி வேணும், விரல் விட்டு எண்ற அளவு கம்பெனிதான் அதைப் பண்ண முடியும். அதனால எண்ணணும்னா குழாயோட வாய் எங்க குறுகலா இருக்கோ அங்க நின்னு எண்ணணும். அதுக்கும் பதினஞ்சு வருஷம் முன்னாடி, டிவில பந்து தட்டுற பாங் விளையாட்டு காலத்துலயும் இதே கதைதான். 1976-ல ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி ஏஒய்-3-8500ன்னு ஒரே சிப்புல மொத்த விளையாட்டையும் அடைச்சு யாருக்கு வேணாலும் வித்துச்சு, அதை வாங்கி உலகம் பூரா எத்தனை பேர்ல பெட்டி போட்டாங்கன்னு லிஸ்ட் முடியவே முடியாது, ஆனா சிப்பு ஒண்ணுதான்.

சும்மா ஒரு பேச்சுக்கு கணக்கு போட்டுப் பாப்போம், நம்பர் எல்லாம் நானா வச்சுக்கிட்டது. சிப்பு வெட்டி எடுக்கிற சிலிக்கான் தட்டு, அதாவது வேஃபர், 6 இன்ச்னா விட்டம் 150 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 17,670 சதுர மிமீ. ஒரு சிப்பு 25 சதுர மிமீன்னா 700 சொச்சம் வரும், ஓரத்துல போறது, ஃபெயில் ஆகுறது எல்லாம் கழிச்சு 500 தேறும்னு வைங்க. ஒரு கன்சோலுக்கு சிபியூ ஒண்ணு பிபியூ ஒண்ணு. மாசம் ஆயிரம் வேஃபர் சிபியூவுக்கு, ஆயிரம் வேஃபர் பிபியூவுக்குன்னு ஓட்டினா மாசம் 5 லட்சம் செட்டு, வருஷம் 60 லட்சம். ஒரு ஃபேபுக்கு மாசம் ரெண்டாயிரம் வேஃபர் பெரிய விஷயமே இல்ல. அதனால யாராச்சும் "அவ்ளோ குளோன் தயாரிக்க வாய்ப்பே இல்ல"ன்னு வந்தா அந்த வாதம் நிக்காது. ஆனா தயாரிக்க முடியும்ங்கிறதும் தயாரிச்சாங்கங்கிறதும் ஒண்ணு இல்ல, அதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

இன்னொரு நல்ல விஷயம், சிப்பை வச்சு எந்த நாட்டுக்குப் போன சரக்குன்னு பிரிக்கலாம். செகண்டுக்கு 50 தடவை படம் மாத்துற 50 ஹெர்ட்ஸ் டிவிக்காக (ஜப்பான், அமெரிக்கால 60) யூஏ6527பி, யூஏ6538ன்னு தனி ஜோடி இருந்துச்சு. நின்டெண்டோ அந்த 50 ஹெர்ட்ஸ் டிவிக்குன்னு போட்ட பிஏஎல் (PAL) மெஷின்ல சிபியூ 1.66 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், ஜப்பான் கேசட்டைப் போட்டா எல்லாம் நத்தை மாதிரி நகரும். தைவான்காரங்க கில்லாடிங்க, க்ளாக்கை 16-ஆல வகுக்காம 15-ஆல வகுத்து 1.77-க்குக் கொண்டு வந்துட்டாங்க, படம் 50 ஹெர்ட்ஸ்ல போனாலும் சிபியூ கிட்டத்தட்ட ஜப்பான் வேகத்துல ஓடும். பழைய கேமைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுற எமுலேட்டர்ல "டெண்டி மோட்"னு ஒண்ணு இருக்கே, அது இதுதான். இந்த ஜோடி சிக்குச்சுன்னா அது ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா மாதிரி 50 ஹெர்ட்ஸ் மார்க்கெட்டுக்குன்னே போட்டது, ஜப்பான் அமெரிக்கா பக்கம் போற சரக்கு இல்ல.

திறக்கக்கூட வேணாம் சில சமயம். நிறைய குளோன் சிப்புல சவுண்டுல ஒரு தப்பு இருக்கு, ஸ்கொயர் வேவ்ங்கிற ஒலி அலையோட 25 சதவீத டியூட்டியும் (அலை எவ்ளோ நேரம் மேல நிக்குதுங்கிற அளவு) 50 சதவீத டியூட்டியும் இடம் மாறியிருக்கும், பழகின காதுக்கு ரெண்டே செகண்டுல தெரிஞ்சுடும். பழைய வீடியோல பின்னாடி ஓடுற மியூசிக்கைக் கேட்டே இது குளோன்னு சொல்றவங்க இருக்காங்க, ஜோக் இல்ல.

இந்தச் சந்தோஷம் எல்லாம் எதுவரைக்கும்னா சிப்பு கண்ணுக்குத் தெரியுற வரைக்கும். அப்புறம் மொத்த கன்சோலையும் ஒரே சிப்புல அடைச்சு போர்டு மேலயே ஒட்டி கறுப்பா ஈப்பாக்ஸி பசைச் சொட்டு ஒண்ணை வச்சு மூடிட்டாங்க. பெரிய பெட்டியைத் திறந்தா மூலைல உள்ளங்கை அளவு போர்டு, அதுல கறுப்புச் சொட்டு, மிச்சம் எல்லாம் காத்து. பேரும் இல்ல, தேதியும் இல்ல. உற்பத்தி எங்க ஏறுச்சோ அங்கேயே தடயமும் போச்சு.

---

ரிமோட்ரவுடி எழுதியது:

எதுக்குப்பா இவ்ளோ கஷ்டம், 50 கோடின்னு போட்டுட்டு போங்க, யாரு வந்து எண்ணப் போறா 😂

---

பிக்சல்பித்தன் எழுதியது:

@ரிமோட்ரவுடி இப்படி ஒருத்தர் போட்டுட்டுப் போனதாலதான் நான் இங்க வந்து நிக்கிறேன் 😅

@சால்டர்வாசம் செம்ம, இது தெரியவே தெரியாது. கஸ்டம்ஸ் கணக்கு இருக்கும்ல? எந்த நாட்டுக்கு எவ்ளோ வீடியோ கேம் போச்சுன்னு அரசாங்கமே எழுதி வச்சிருப்பாங்களே, அதைக் கூட்டினா?

---

கன்டெய்னர்கணக்கு எழுதியது:

ஏற்றுமதி இறக்குமதி பேப்பர்லயே குப்பை கொட்டுற ஆளு நான், அதனால இதுக்கு மட்டும் வாயைத் திறக்குறேன்.

டேட்டா இருக்கு. டிவில மாட்டி விளையாடுற வீடியோ கேமுக்கு எச்எஸ் கோடு (கஸ்டம்ஸ்ல சரக்கை வகை பிரிக்கிற உலக நம்பர்) ரொம்ப காலம் 9504.10, 2012 திருத்தத்துல 9504.50 ஆச்சு. ஆனா அதுல ஒரிஜினல் எது குளோன் எதுன்னு பத்தி கிடையாது, எல்லாம் ஒரே மூட்டை. பல நாட்டுல மதிப்பும் எடையும்தான் ஒழுங்கா இருக்கும், எண்ணிக்கைக் கட்டம் காலியா இருக்கும் இல்லன்னா ஏதோ ஒண்ணு இருக்கும். சரி, மதிப்பை ஒரு பீஸ் விலையால வகுக்கலாம்னு தோணும். இறக்குமதி வரி கம்மியா கட்டணும்னு பாதி விலை காட்டியிருப்பாங்க, அப்போ நீங்க போடுற எண்ணிக்கையும் பாதியாப் போயிடும். எடையை வச்சுப் போடுறது கொஞ்சம் தேவலாம், எடைல பொய் சொல்றது கஷ்டம்.

அடுத்தது, அது வீடியோ கேம்னே வராது. பொம்மைன்னு 9503-ல போகும். சீனால சுபோர் வித்தது ஞாபகம் இருக்கா, கீபோர்டு வச்சு "படிப்பு மெஷின்"னு, ஜாக்கி சான் விளம்பரம் எல்லாம் வந்துச்சே. பிள்ளை டைப்பிங் கத்துக்கும்னு அப்பா அம்மா வாங்கினாங்க, பிள்ளை என்ன பண்ணுச்சுன்னு சொல்லத் தேவையில்ல. அது கேம் கன்சோலா, கம்ப்யூட்டரா? அதுவும் பெரும்பாலும் சீனாக்குள்ளயே செஞ்சு சீனாக்குள்ளயே வித்தது, அப்படி வித்தது எந்தத் துறைமுகத்தையும் தாண்டல, கஸ்டம்ஸ்ல தேடினா பூஜ்யம்தான் வரும். குளோன் அதிகமா வித்த இடங்கள்ல ஒண்ணு உங்க கணக்குலயே இருக்காது.

பிரேசிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் உள்ள வராம சட்டம் போட்டு வச்சிருந்த காலத்துல உள்ளூர் கம்பெனிங்களே ஃபேன்டம் சிஸ்டம், டைனாவிஷன், டாப் கேம்னு ஆளுக்கு ஒரு குளோன் இறக்குனாங்க. ஒரு வித்தியாசம், அங்க பண்ணது கிராடியன்ட்டே மாதிரி முறையா பதிவு பண்ண பெரிய கம்பெனிங்க. அந்த மாதிரி இடத்துல ஆண்டறிக்கை, அப்போதைய பேப்பர் செய்தின்னு தேடினா ஏதாச்சும் சிக்கும்.

பறிமுதல் கணக்கை வச்சு மொத்தம் போடலாம்னு யாராச்சும் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுறேன், வேணாம். அமெரிக்கால 2004 கடைசில பவர் பிளேயர்ங்கிற ஜாய்ஸ்டிக் குளோனை மால்ல வித்துட்டு இருந்த ஒருத்தர் மேல எஃப்பிஐ பாஞ்சு, ஆயிரக்கணக்குல சரக்கைப் பிடிச்சு, அவருக்கு 5 வருஷம் ஜெயில் ஆச்சு. அந்த நம்பர் போலீஸ் எவ்ளோ மும்முரமா இருந்தாங்கன்னு காட்டும், ஃபேக்டரி எவ்ளோ போட்டுச்சுன்னு காட்டாது.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

மறுபடி நான்தான். @பிக்சல்பித்தன், அந்த டெண்டி 20 லட்சம் 60 லட்சம் சண்டையை முதல்ல தீர்த்துக்கோங்க, மிச்சம் தானா வரும்.

ஸ்டீப்ளர் 1992 கடைசில இறங்கி 1996-ல கதை முடிஞ்ச கம்பெனி. டிவில விளம்பரம், டிவி நிகழ்ச்சின்னு வெளிப்படையா நடத்தின வியாபாரம், 1994-ல நின்டெண்டோவே அவங்களோட ஒப்பந்தம் போட்டு சூப்பர் நின்டெண்டோ விக்கக் கொடுத்துச்சு. இவங்க வித்தது ஒரு கணக்கு. அந்தப் பேரை ஒட்டிக்கிட்டு மத்தவங்க வித்தது, ஸ்டீப்ளர் மூடினதுக்கு அப்புறமும் வந்தது, அது ரெண்டாவது. பேரே எதுவா இருந்தாலும் சரி, பழைய சோவியத் நாடுங்கள்ல வித்த ஃபேமிகாம் குளோன் மொத்தமும் மூணாவது. சின்ன நம்பர் சொல்றவங்க முதலாவதைச் சொல்றாங்க, பெரிய நம்பர் சொல்றவங்க ரெண்டாவதையோ மூணாவதையோ சொல்றாங்கன்னு எனக்குப் படுது. அப்படின்னா இது அளவெடுத்ததுல வந்த வித்தியாசமே இல்ல, எதை அளந்தோம்ங்கிறதுல வந்த வித்தியாசம். எந்த டேட்டா கிடைச்சாலும் இந்தச் சண்டை ஓயாது.

உலகக் கணக்குக்கும் இதே தலைவலி. ஷார்ப்போட ட்வின் ஃபேமிகாம், கொரியால ஹூண்டாய் வித்த காம்பாய் எல்லாம் லைசென்ஸ் வாங்கினது, அதைக் குளோன்ல சேர்க்கக் கூடாது. நின்டெண்டோ பேட்டன்ட் 2000-கள்ல காலாவதி ஆனதுக்கப்புறம் ஹைப்பர்கின் ரெட்ரான் மாதிரி கடைல ஓப்பனா வித்ததுக்கு லைசென்ஸும் இல்ல, ஆனா மெஷினை வச்சு கேஸும் போட முடியாது, அதைச் சேர்ப்பீங்களா? கையடக்க "400 இன் 1" பெட்டி? ஜாய்ஸ்டிக்லயே எல்லாத்தையும் அடைச்சு விக்கிறது? உள்ள இருக்கிறது அதே கறுப்புச் சொட்டு. சேர்த்தா ஒரு நம்பர், சேர்க்கலன்னா அதுல பாதிகூட வராதுன்னு நினைக்கிறேன்.

எண்ணிக்கைக்குப் பதிலா எத்தனை மாடல்னு கேட்டா பதில் சொல்ல முறை இருக்கு. பூச்சி ஆராய்ச்சி பண்றவங்க காட்டுல இன்னும் கண்ணுல படாத வகை எத்தனை இருக்கும்னு கணக்கு போடுவாங்க, சாவோ எஸ்டிமேட்டர்னு பேரு. போட்டோ எல்லாத்தையும் திரட்டுங்க. 200 மாடல் கிடைச்சுதுன்னு வைங்க, அதுல ஒரே ஒரு தடவை மட்டும் கண்ணுல பட்டது 90, ரெண்டு தடவை பட்டது 30. 90-ஐ வர்க்கம் பண்ணி 30-ஓட ரெண்டு மடங்கால வகுங்க, 8,100 வகுத்தல் 60, 135. அப்போ நீங்க பாக்காத மாடல் குறைஞ்சது இன்னும் 135 இருக்கு, மொத்தம் 335-க்குக் கீழ இருக்காது. ஒரே தடவை பட்டது நிறைய இருக்குன்னா கடல்ல இன்னும் மீன் நிறைய இருக்குன்னு அர்த்தம். நம்பர் உதாரணத்துக்குத்தான், முறை நிஜம்.

உற்பத்தி எண்ணிக்கைக்கு ஒத்தை நம்பர் போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். கீழ் எல்லைக்கு ஸ்டீப்ளர், கிராடியன்ட்டே மாதிரி பேர் தெரிஞ்சவங்களோட கணக்கு, மேல் எல்லைக்கு சால்டர்வாசம் சொன்ன சிப்பு கணக்கு. நடுவுல பத்து மடங்கு இடைவெளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அதை அப்படியே எழுதுங்க.

---

பிக்சல்பித்தன் எழுதியது:

சரி, டேபிள்ல ஒரே வரிசையா போடாம உடைச்சுடுறேன். பேர் தெரிஞ்ச பிராண்டு தனி வரிசை, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், யார் வித்ததுன்னு பக்கத்துலயே. ரெண்டு சிப்பு போர்டு குளோன் ஒரு வரிசை, கறுப்புச் சொட்டு ஒரு வரிசை, கையடக்கப் பெட்டி டேபிளுக்கே வெளிய. "ஒரிஜினலை விட ஜாஸ்தி"ங்கிறதைத் தூக்கிடுறேன்.

ஸ்டிக்கருக்குப் பதிலா சிப்பு தேதி சேர்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். யார்கிட்ட பழைய போர்டு இருந்தாலும் போட்டோ அனுப்புங்க. ஒரு சந்தேகம், தேதியை வச்சு எண்ணிக்கை எப்படி வரும்? எந்த வாரம்னுதானே தெரியும்?

---

சால்டர்வாசம் எழுதியது:

எண்ணிக்கை நேரா வராது, வடிவம் வரும். 300 போர்டு சேர்ந்துச்சுன்னா எந்த வருஷத்துல ஏறுச்சு, எந்த வருஷத்துல விழுந்துச்சுன்னு ஒரு மேடு தெரியும். அந்த மேட்டுல ஏதாச்சும் ஒரு வருஷத்துக்கு மட்டும் நம்பத் தகுந்த விற்பனைக் கணக்கு ஒண்ணு சிக்குச்சுன்னா மத்த வருஷத்தை விகிதம் போட்டு நிரப்பலாம். சிபியூ தேதியும் பிபியூ தேதியும் தனித்தனியா எழுதுங்க, ரெண்டுக்கும் ஆறு மாசம் இடைவெளி இருந்தா ஸ்டாக்ல கிடந்து வந்த சரக்கு, கன்சோல் செஞ்சது பிந்தின தேதிக்கு அப்புறம்தான். ரிப்பேர்ல சிப்பு மாத்தின போர்டைத் தள்ளிடுங்க, சிப்பு காலைச் சுத்தி ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவுற பசை) மஞ்சளா அப்பியிருக்கும், பாத்தாலே தெரியும்.

ஒரு ஏரியால இருந்து மட்டும் போட்டோ வந்தா அந்த ஏரியாவோட மேடுதான் கிடைக்கும், அதனால ரஷ்யன், போலிஷ், ஸ்பானிஷ் குரூப்லயும் கேளுங்க. அர்ஜென்டினா பக்கம் "ஃபேமிலி கேம்"னு தேடினா அள்ளலாம்.

போட்டோ எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுங்க, சிப்பு மேல நேரா ஃபிளாஷ் அடிச்சா வெறும் வெள்ளையாத்தான் விழும். ஃபிளாஷை ஆஃப் பண்ணிட்டு பக்கவாட்டுல சாய்ச்சு டார்ச் பிடிக்கச் சொல்லுங்க, அழிஞ்ச எழுத்துகூட தெரியும்.